பிறை பதினேழு

கிள்ளான்,
12 ஆகஸ்ட்

மருமகள் ஷைமாவுக்கு மாமி முத்து பீவி எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பு எப்படி இருக்குன்னு முதல்ல கேக்கணும், அதுதான் முறை. கேட்டுட்டேன். என்னைக் கேட்டா, இருக்கேன். இனிப்புநீர் ஏறிப்போச்சுன்னு உன் நாத்தனா நிலோபர் ரெண்டு தடவை கிளினிக்குக்கு இழுத்துக்கிட்டுப் போனா.

போன்ல பேச என்னால முடியல. உன் தீவுல படகு நிக்கிற ஜெட்டி முனையில போய் நின்னாத்தான் லைன் கிடைக்குது. கிடைச்சாலும் உன் குரலைக் கேட்டதும் போனை வச்சுடுறேன். வியாழக்கிழமை சாமான் படகுல கடிதம் வருமுன்னு நீதான் ஒரு தடவை சொன்னே. அதனால எழுதுறேன்.

என் புள்ளை ஜுஹைர் மவுத்தாகி இன்னியோட இருபது நாள். பொண்டாட்டி சபாவுல டீச்சரா தனியா கிடக்கிறாளேன்னு லீவு போட்டுக்கிட்டு வந்தவன். நான் ரெண்டு பிளேன், ஒரு வேன், ஒரு படகுன்னு ஏறி வந்து சேர்றதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டீங்க. குத்தம் சொல்லல. அந்த வெயில்ல மய்யித்தை வச்சிருக்க முடியாது, மார்க்கமும் அதுதான். ஆனா பெத்தவ நான் அவன் முகத்தைப் பாக்கலயே ஷைமா. ஈர மண்ணைத்தான் பாத்தேன்.

இத்தா இருக்கிற நாலு மாசம் பத்து நாளும் என் வீட்டுல வந்து இருன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். அவன் கபுரை விட்டு வரமாட்டேன்னுட்டே. சரி, அது உன் இஷ்டம்.

இப்போ கேக்க வந்ததைக் கேக்குறேன். நேத்து நாப்பதாம் நாள் பாத்திஹாவுக்கு நாள் பாக்கலாமுன்னு காலண்டரை எடுத்தேன். உன் மாமனாரோட தம்பி கடல் தாண்டி நம்ம பூர்வீக ஊர்ல கடை வச்சிருக்காரே, அவர் வருஷா வருஷம் அனுப்புற காலண்டர். நான் சுன்னத்து நோன்பு பிடிக்கிறதெல்லாம் அதைப் பாத்துத்தான். அவனைக் கடல் கொண்டுபோன ஜூலை இருபத்தி மூணைப் பாத்தேன். பிறை பதினாறுன்னு போட்டிருக்கு.

மே மாசம் ஸ்கூல் லீவுல நான் வந்திருந்தப்ப நீ என்னைப் பவளப் பாருக்குக் கூட்டிக்கிட்டுப் போனியே. கடலுக்கு நடுவுல தரை! கண்ணுக்கு எட்டின மட்டும் பவளமும் குட்டையும், குட்டைக்குள்ள நீல நட்சத்திர மீனும். நான் சீலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு சின்னப்புள்ளையாட்டம் நடந்தேன். மூணரை மணி வரைக்கும் நின்னோம், கணுக்கால் நனையல. அன்னிக்குப் பிறை பதினேழு. காலண்டர்ல நானே பேனாவால எழுதி வச்சிருக்கேன்.

ஜுஹைர் கிளம்புறப்ப அதைப் பாத்துத்தான் சொல்லி அனுப்பினேன். "பிறை பதினேழு அன்னிக்குப் போ வாப்பா, மூணரை வரைக்கும் தண்ணி ஏறாது. நான் பாத்ததை நீயும் பாத்துட்டு வா. வேற நாள் போகாதே." பிறந்ததிலேர்ந்து என் பேச்சைத் தட்டாத புள்ளை அது. பதினேழுன்னு சொல்லி அனுப்பினவனைப் பதினாறுலயே போகச் சொன்னது யாரு? அந்தத் தீவுல உன்னை விட்டா அவனுக்கு யாரைத் தெரியும்?

சுத்தி வளைக்காம பதில் எழுது.

மாமி முத்து பீவி


பூலாவ் மெங்காலி,
22 ஆகஸ்ட்

அன்பு நிலோபருக்கு ஸலாம். நீயும் உன் வீட்டுக்காரர் ஹாசிமும் சுகமா? கடிதத்தை பிரிக்பீல்ட்ஸுக்கு, உன் கண்ணாடிக் கடை விலாசத்துக்கே அனுப்புறேன். வீட்டுக்கு அனுப்பினா மாமி வந்திருக்கிற நாளாப் பாத்து வந்து சேரும்.

மாமி எழுதியிருக்காங்க. உன்கூடப் பிறந்த காக்கா ஒரு நாள் முன்னாடியே போயிட்டாராம், யார் போகச் சொன்னதுன்னு கேக்குறாங்க.

நிலோபர், அவர் முன்னாடி போகல. மாமி வச்சிருக்கிற ஊர்க் காலண்டர் நம்ம நாட்டுக் கணக்குக்கு ஒரு நாள் பின்னாடி. பெருநாளே நமக்கு இன்னிக்குன்னா ஊர்ல உள்ளவங்களுக்கு நாளைக்குத்தானே. ஜூலை இருபத்தி மூணு இங்கே பிறை பதினேழு. மாமி என்ன சொல்லி அனுப்பினாங்களோ அதை அப்படியே கேட்டு, அதே நாள்லதான் போனார்.

மாமி மே மாசம் பாருல நின்னது இங்கேயுள்ள கணக்குல பதினெட்டு. பள்ளிக்கூட டைரியில பாத்துட்டேன். கடல் தண்ணி ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம் பிந்தும். மாமி மூணரைக்குக் காலு நனையாம நின்னாங்கன்னா, அதுக்கு முந்தின பிறையில ரெண்டே முக்காலுக்கே தண்ணி வந்துடும். பாருக்கும் சம்பான் படகு கட்டுற இடத்துக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கு, அது அதுக்கும் முன்னாடியே நிரம்பும். உன் காக்காவுக்கு நீச்சல் தெரியாது.

தீவு ஆளுங்க ஒருத்தரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாங்க. அன்னிக்குப் பக்கத்துத் தீவுல கல்யாணம், படகுக்காரர் பாக் லோங் உட்பட எல்லாரும் போயிட்டாங்க. எனக்கு ரெண்டு மணி வரைக்கும் வகுப்பு. பள்ளிக்கூட சம்பானை அவரே தள்ளிக்கிட்டுப் போயிருக்கார். அன்னிக்குக் காலையில நாங்க பேசினதெல்லாம் இப்ப எழுத வரல.

மாமிக்கு இதை எப்படிச் சொல்றது? உங்க பேச்சைக் கேட்டதாலதான் உங்க புள்ளை போனார்னு எந்தக் கையால எழுதுறது? அவங்களுக்கு ஏசுறதுக்கு ஒரு ஆள் வேணும். நான் இருந்துட்டுப் போறேன். நீ வாயைத் திறக்கக்கூடாது, உன் காக்கா மேல ஆணை.

மருந்தை நேரத்துக்குக் குடுக்கச் சொல்லு.

உன் மச்சி
ஷைமா


பூலாவ் மெங்காலி,
22 ஆகஸ்ட்

மதிப்புக்குரிய மாமிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமா இருக்கேன். உங்க உடம்பைப் பாத்துக்கங்க.

நீங்க கேட்டதுக்குப் பதில். ஆமா மாமி, நான்தான் போகச் சொன்னேன். அவருக்கு லீவு குறைவா இருந்துச்சு, அன்னிக்கே போயிட்டு வந்துடுங்கன்னு சொன்னேன். உங்க பேச்சை நான்தான் தட்ட வச்சேன்.

மன்னிப்புக் கேக்க எனக்கு முகம் இல்ல.

ஷைமா


கிள்ளான்,
9 செப்டம்பர்

ஷைமா,

ஸலாம் சொல்லாமக் கடிதம் எழுதக் கூடாதுன்னு என்னைப் பெத்தவங்க சொல்லிக் குடுத்திருக்காங்க. அஸ்ஸலாமு அலைக்கும். உன் சுகத்தை நான் கேக்கல.

ரெண்டு வரியில எழுதிட்டே. என் புள்ளையோட உசுரு உனக்கு ரெண்டு வரி. அன்னிக்கே போயிட்டு வந்துடுங்கன்னியாமே! வந்தானா? எனக்குத் தெரியும்டி, உன் அவசரம் எனக்குத் தெரியும். கல்யாணத்தன்னிக்கு மருதாணி காயறதுக்குள்ள கையைக் கழுவினவ நீ. அன்னிக்கு நான் எல்லாரோடயும் சேர்ந்து சிரிச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்.

நாப்பதாம் நாள் பாத்திஹா முடிஞ்சுது. செந்தூல்லேர்ந்து, மேருவுலேர்ந்து, சொந்தக்காரங்க அத்தனை பேரும் வந்தாங்க. மருமக எங்கேன்னு கேட்டாங்க. கொன்னவ எந்த மூஞ்சியோட வருவான்னு சொன்னேன். ஆமா, சொன்னேன். வாய் கூசல.

அவன் சட்டை துணிமணி எல்லாம் என்னுடையது. அனுப்பி வை. அதுக்கப்புறம் எனக்கு எழுதாதே.

முத்து பீவி


பிரிக்பீல்ட்ஸ்,
14 செப்டம்பர்

மச்சிக்கு நிலோபரோட ஸலாம். ஓகேவா இருக்கீங்களான்னு கேட்டா ஓகேன்னுதான் எழுதுவீங்க, சோ கேக்கல லா.

உங்க கடிதத்தைக் கடையில கண்ணாடி அலமாரிக்குப் பின்னால நின்னு படிச்சேன். பாஸ் வந்து, கஸ்டமர் நிக்குறாங்க என்ன அழுகைன்னு கேட்டார். கண்ணு டெஸ்ட் பண்ண வந்த ஆன்டி ஒருத்தங்க, எனக்கே அவங்க கைக்குட்டையை எடுத்துக் குடுத்தாங்க.

மச்சி, நீங்க செய்றது சரியில்ல. உம்மா உங்களைப் பேசுற பேச்சைக் கேட்டா நீங்க தாங்கமாட்டீங்க. நாப்பதாம் நாள் அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி சொன்னாங்க. எனக்கு அங்கேயே எழுந்து கத்தணும்போல இருந்துச்சு. ஹாசிம் கையைப் பிடிச்சு உக்கார வச்சார். "இப்ப சொன்னா உன் உம்மா இன்னிக்கே போயிடுவாங்க"ன்னார். அதுவும் உண்மைதான். உங்களை ஏசுற அந்த ஒரு கோபத்துலதான் எழுந்து நடமாடுறாங்க. காலையில எழுந்ததும் உங்களை ஏசுறாங்க, அப்புறம் பசியாறுறாங்க. ஏசலன்னா சாப்பிடறதில்ல.

உங்களுக்கு யார் இருக்கா அங்கே? யாராவது பக்கத்துல உக்காந்து, சாப்பிட்டியான்னு கேக்குறாங்களா? ட்ரான்ஸ்பர் ஃபாரம் போடுங்க. எங்க வீட்டுல ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு.

நான் வாயைத் திறக்கல. ஆனா காக்கா மேல ஆணை வச்சது அநியாயம் மச்சி.

நிலோபர்


பூலாவ் மெங்காலி,
5 டிசம்பர்

மாமிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எழுதாதேன்னு சொன்னீங்க. இந்த ஒரு தடவை மட்டும். போன சனிக்கிழமையோட இத்தா முடிஞ்சுது. அவர் துணிமணியை இதோட அனுப்புறேன். தாமதமானதுக்குக் காரணம், துவைக்க மனசு வரல. ரெண்டு சட்டையை மட்டும் துவைக்காம அப்படியே பாலித்தீன் பையில கட்டியிருக்கேன். அதை எல்லார் முன்னாலயும் பிரிச்சுடாதீங்க, நீங்க தனியா இருக்கிறப்ப திறங்க.

கபுரைப் பத்திக் கேக்கமாட்டீங்க, நானே சொல்றேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால, கடலைப் பாத்தாப்பல இருக்கு. பாக் லோங் தென்னை மட்டையால சின்ன வேலி கட்டிக் குடுத்தார். ஆடு உள்ளே வரும், அதுக்காக. நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் யாசின் ஓதுறேன். உங்க பேரையும் சொல்லித்தான் ஸலாம் சொல்றேன்.

மாதத்துக்கு ரெண்டு மூணு நாள் தூரத்துல பார் தெரியுது. நான் ஜன்னலைச் சாத்திடுவேன்.

ஷைமா


பிரிக்பீல்ட்ஸ்,
20 பிப்ரவரி

மச்சி, ஸலாம். பார்சல் வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு, பதில் வராதுன்னு உங்களுக்கே தெரியும். ஆனா நடந்ததை நான் சொல்லணும்.

உம்மா அந்தப் பாலித்தீன் பையைத் திறந்தாங்க. சட்டையை எடுத்து முகத்துல வச்சாங்க. அப்புறம் மறுபடி பையில போட்டு, காத்து போகாம ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினாங்க. இப்ப வெள்ளிக்கிழமை மட்டும் திறக்குறாங்க. வாசம் தீர்ந்துடுமாம். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "துவைக்காம அனுப்பியிருக்கா பாத்தியா"ன்னு கேட்டாங்க. ஏசுற குரல்ல இல்ல. நான் அந்த நிமிஷமே சொல்லிடலாமுன்னு வாயைத் திறந்துட்டேன் மச்சி. உடனே எழுந்து போய், "இவ்வளவு தெரிஞ்சவளுக்கு அவனை ஒரு நாள் நிறுத்தி வைக்கத் தெரியலயே"ன்னு கதவைச் சாத்திக்கிட்டாங்க.

எவ்வளவு நாளைக்கு இப்படி? உங்க வயசு இருபத்தொம்பது. ஆணையைத் திருப்பி எடுத்துக்கங்க, நான் பக்குவமா சொல்லிக்கிறேன்.

நிலோபர்


பூலாவ் மெங்காலி,
6 மார்ச்

நிலோபர், ஸலாம். நோன்பு நேரம், துஆ செய்.

சொல்லாதே.

அவங்க நினைக்கிறதுல முழுசா பொய் இல்ல. அதை நான் என்னைக்காவது ஒரு நாள் நேர்ல சொல்லுவேன். இப்ப கேக்காதே.

ஷைமா


கிள்ளான்,
16 ஜூன்

என் மகளே ஷைமா,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ். எப்படி இருக்கே? சாப்பிடுறியா? வேளைக்குத் தூங்குறியா? இதையெல்லாம் பத்து மாசத்துக்கு முன்னாலயே கேட்டிருக்கணும். இப்ப எந்த வாயால கேக்குறேன்னு நீ காறித் துப்பினாலும் சரிதான்.

வருஷப் பாத்திஹாவுக்குப் பேர் குடுக்கப் பள்ளிவாசலுக்குப் போனேன். லெபை நோட்டை விரிச்சு, என்னிக்கு மவுத்துன்னு கேட்டார். ஜூலை இருபத்தி மூணுன்னேன். புரட்டிப் பாத்துட்டு, "முஹர்ரம் பிறை பதினேழு"ன்னு எழுதினார். பதினாறுன்னேன். பதினேழு லாத்தா என்கிறார். எனக்குச் சுர்ருன்னு வந்துடுச்சு. எம்புள்ளை மவுத்தான நாள் உமக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமான்னு சத்தம் போட்டேன். அந்த மனுஷன் சிரிச்சுக்கிட்டே, "ஊர்க் காலண்டரா? அது எப்பவும் ஒரு நாள் பின்னாடிதானே லாத்தா"ன்னார்.

நானும் சிரிச்சேன். ஆமா ஆமான்னு சொல்லிக்கிட்டே படி இறங்கி வந்து செருப்பைத் தேடினேன். காலுக்கு முன்னால கிடக்கு, கண்ணுக்குத் தெரியல. யாரோ ஒரு பொண்ணு எடுத்து மாட்டி விட்டுச்சு.

முப்பத்தஞ்சு வருஷமா இந்த நாட்டுல பெருநாள் கொண்டாடுறேன். ஊர்ல நாளைக்கு, நமக்கு இன்னிக்குன்னு வருஷம் தவறாம நானே சொல்லுவேன். என் புள்ளைக்கு நாள் குறிக்கும்போது மட்டும் அது மண்டையில ஏறலயே, அல்லாவே! கடற்கரையில பிறந்தவ நான். தண்ணி நாளுக்கு முக்கால் மணி பிந்துமுன்னு நடக்கப் பழகினப்பவே தெரியும். வீட்டுக்கு வந்து மே மாசத்தையும் ஜூலையையும் பக்கத்துல வச்சு எண்ணினேன். மூணு தடவை எண்ணினேன். தடவைக்குத் தடவை அதே கணக்குதான் வருது.

அவன் தட்டல. என் பேச்சைத் தட்டாமத்தான் போயிருக்கான்.

உனக்கு இது அன்னிக்கே தெரியும். நிலோபரைப் பிடிச்சு உலுக்கினேன், அழுதுக்கிட்டே எல்லாத்தையும் கொட்டிட்டா. நான்தான் போகச் சொன்னேன்னு எழுதினியே, எப்படிடி எழுதினே? நான் உன்னைக் கொன்னவன்னு வீடு வீடா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நீ அங்கே கபுருல என் பேரைச் சொல்லி ஸலாம் சொல்லிக்கிட்டு இருந்திருக்கே. இப்ப மேருவுக்கும் செந்தூலுக்கும் போய், சொன்னதையெல்லாம் திருப்பி வாங்கிக்கிட்டு வரேன். ஒவ்வொரு வீடா. அவங்க முகம் போற போக்கைப் பாத்துக்கிட்டே சொல்றேன். எனக்கு அது வேணும்.

வருஷம் திரும்புற அன்னிக்கு நான் அங்கே வரணும். கபுருக்கு மட்டுமில்ல, பாருக்கும். அவன் நின்ன இடத்துல நான் நிக்கணும். எந்த நாள், எத்தனை மணின்னு நீ சொல்லு. நான் காலண்டர் பாக்கமாட்டேன். அதைச் சுவத்துலேர்ந்து எடுத்துட்டேன்.

அதுக்கு முன்னாடி என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது. வாசிச்சுட்டுத்தான் படகு ஏறுவேன்.

உன் மாமி


பூலாவ் மெங்காலி,
26 ஜூன்

மாமிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சாப்பிடுறேன். தூக்கம் அப்படி இப்படித்தான். நீங்க மருந்தை விட்டுடாதீங்க.

உங்க கடிதத்தை ஜெட்டியில நின்னே படிச்சேன். படகுக்காரங்க டீச்சருக்கு என்ன ஆச்சுன்னு பாக் லோங்கைக் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. திட்டுறதுக்கு வார்த்தை தேடிப் பாத்தேன் மாமி, ஒண்ணும் வரல. நீங்க ஆசையா சொன்னீங்க. அதுல எதைப் பிடிச்சு உங்களைத் திட்டுறது?

நம்ம நாட்டுக் கணக்குல பிறை பதினேழு வர்றது ஜூலை பதிமூணு. பன்னெண்டாம் தேதி கூடாட் ஜெட்டிக்கு வந்துடுங்க, பாக் லோங் படகோட வந்து கூட்டிக்கிட்டு வருவார். பாருல பன்னெண்டரைக்கு இறங்கலாம். ரப்பர் செருப்பு ஆகாது, நல்லா இறுக்குற சப்பாத்து கொண்டாங்க. பவளம் காலைக் கிழிச்சுடும். ரெண்டு மணிக்குக் கிளம்பிடணும். பாக் லோங் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் படகுலயே இருப்பார்.

வாங்க. எனக்கும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், எழுத்துல வேணாம்.

ஷைமா


பூலாவ் மெங்காலி,
14 ஜூலை

மகள் நிலோபருக்கு உம்மாவோட ஸலாமும் துஆவும். நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருக்க ரப்புகிட்ட கேக்குறேன். நான் நல்லபடியா வந்து சேர்ந்தேன். மருந்து போட்டாச்சு, கவலைப்படாதே. உன் மச்சி குச்சியாட்டம் இருக்கா. கன்னம் ஒட்டிப்போச்சு. ஜெட்டியில என்னைப் பாத்ததும் கையைப் பிடிக்கலாமா வேணாமான்னு நின்னா. நான்தான் பிடிச்சேன்.

கபுருக்குப் போனோம். அதை நேர்ல வந்து சொல்றேன். இப்ப பாருக்குப் போனதைச் சொல்லிடுறேன், இல்லன்னா இந்த நெஞ்சு வெடிச்சுடும்.

நேத்துப் பன்னெண்டரைக்கு இறங்கினோம். போன வருஷம் பாத்த அதே இடம்தான். அந்த நட்சத்திர மீன், அந்தக் குட்டை, பவளத்துக்கு அடியில மூச்சு விடுற சிப்பி எல்லாம் அப்படியே இருக்கு. எதுவும் குறையல. எனக்கு அதைப் பாக்கப் பாக்க ஆத்திரமா வந்துச்சு. அந்தப் பள்ளத்தைக் காட்டினா. முழங்கால் அளவுதான் தண்ணி, ஒரு கல்லு மேல கால் வச்சுத் தாண்டிட்டேன். இதுலயா நிலோபர்? ஆறடிப் புள்ளை இதுலயா போனான்னு கேட்டேன். "நிரம்பினா ஒண்ணரை ஆள் ஆழம் மாமி, இழுப்பும் இருக்கும்"னா.

அவன் நின்ன இடம்னு ஒரு மேட்டைக் காட்டினா. அங்கே உக்காந்து ரெண்டு பேரும் யாசின் ஓதினோம். ஓதி முடிச்சதும் அவ என் பக்கம் திரும்பாமலே சொன்னா.

"மாமி, நான் எழுதினது முழுப் பொய் இல்ல. அன்னிக்குக் காலையில அவர் என்னைக் கேட்டார். வகுப்பு ஜன்னல்கிட்ட வந்து நின்னுக்கிட்டு, ஷைமா, இன்னிக்குப் பிறை எத்தனைன்னு கேட்டார். நான் தினமும் கரும்பலகையில தேதி எழுதுவேன், அதுல பிறையும் போடுவேன். திரும்பிப் பாத்து, பதினேழுன்னு சொன்னேன். அப்படின்னா இன்னிக்குத்தான்னு சிரிச்சார். எதுக்குக் கேக்குறீங்கன்னு நான் கேக்கல. புள்ளைங்க சத்தம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. போயிட்டார்."

ஒரு வருஷம் இதை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு இருந்திருக்கா. உனக்குக்கூட சொல்லலயாமே.

நான் அவ தலையை இழுத்து மடியில வச்சுக்கிட்டேன். "நீ சரியாத்தானே சொன்னே"ன்னேன். நானும் பாத்ததைத்தான் சொன்னேன். அவனும் சரியான நாளைத்தான் கேட்டுக்கிட்டுப் போனான். மூணு பேரும் சரியாத்தான் செஞ்சோம் நிலோபர், புள்ளை போயிட்டான். யாரைப் போய் நான் ஏசுறது இனிமே?

அவ அழுதா. நான் அவளைவிட சத்தமா அழுதேன். யார் கேக்கப் போறாங்க, சுத்தி வெறும் கடல்.

அப்புறம் அவகிட்ட சொன்னேன். "நேரம் ஆச்சுன்னா நீ சொல்லு, நான் எழுந்திரிக்கிறேன். நான் சொல்லமாட்டேன். இனி ஒரு நாளும் ஒரு நேரமும் நான் யாருக்கும் குறிச்சுக் குடுக்கமாட்டேன்." அவ கையில கடிகாரம் கட்டியிருக்கா, குனிஞ்சு பாக்கல. ரெண்டு மணி எப்பவோ தாண்டியிருக்கும், எனக்கும் தெரியுது, அவளுக்கும் தெரியுது. குட்டையில தண்ணி அசையுது. சீலைக் கரை நனைஞ்சுது. கணுக்காலுக்கு வந்துடுச்சு. அவ என்னைப் பாக்குறா, நான் அவளைப் பாக்குறேன், போகலாமுன்னு சொல்ல ரெண்டு பேருக்கும் பயம்.

பாக் லோங்தான் படகுலேர்ந்து கத்தினார். கத்திக்கிட்டே தண்ணியில குதிச்சு வந்து, ஆளுக்கு ஒரு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனார். பள்ளத்துல நெஞ்சு மட்டும் ஏறிடுச்சு. வயசானவர், மூச்சு வாங்க எங்களை வைஞ்சுக்கிட்டே படகுல ஏத்தி விட்டார். வையட்டும். எங்களைக் கூப்பிட ஒரு ஆள் இருந்தார் நிலோபர். அவனுக்கு இல்ல.

அடுத்த வாரம் நாங்க ரெண்டு பேரும் வரோம். அவ ட்ரான்ஸ்பர் ஃபாரம் எழுதிட்டா. அந்த ரூமைத் தயார் பண்ண வேணாம், அவ என்னோடதான் இருப்பா.

உன் உம்மா
முத்து பீவி